இன்றைக்கு என்ன கிழமை? வேலை ஓய்வுக்குப் பிறகு நாளைக் கண்டுபிடிக்க ஒரு வழி

வேலையை விட்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று தலைக்கு ஊற்றி, சேலை கட்டி, பூ வைத்து, பினாங்கு குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பி லிஃப்ட் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று மலாயில் கேட்டார். கல்யாணம் இல்லை ஆண்ட்டி, வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்றேன். இன்றைக்கு வியாழன் என்றார்.

சிரித்து மழுப்பிவிட்டுப் போய்த்தான் வந்தேன், 1833-லிருந்து அங்கே இருக்கிற அம்மனுக்கு ஒரு நாள் முன்னே போனால் என்ன கோபமா வரப்போகிறது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உள்ளுக்குள் பயம்தான். மறதி நோயோ என்று கிளினிக்குக்குப் போனேன், டாக்டர் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். உங்களுக்கும் இப்படி ஆகிறது, அதோடு அடுப்பை அணைக்க மறக்கிறீர்கள், தெரிந்த தெருவிலேயே வழி தடுமாறுகிறது என்றால், மேலே படிக்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். கிழமை மட்டும்தான் குழம்புகிறது என்றால் மேலே படிக்கலாம்.

என் விஷயத்தில் காரணம் சுலபம். எனக்கு 42 வருஷமாகக் கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை. 1980-இல் பதினெட்டு வயதில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். அந்தப் பேட்டை திறந்ததே 1972-இல்தான், எங்கள் கம்பத்தில் (கிராமத்தில்) என் வயதுப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் போனோம். முதலில் காலை, மாலை, இரவு என்று எட்டு மணி நேர ஷிஃப்ட் மாறி மாறி வரும். அப்புறம் அதைப் பன்னிரண்டு மணி நேரமாக்கி, நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு என்று வைத்தார்கள். நாலும் நாலும் எட்டு. ஊருக்கெல்லாம் வாரம் ஏழு நாள், எனக்கு மட்டும் எட்டு! இந்தச் சுற்று திங்களில் தொடங்கினால் அடுத்தது செவ்வாயில் தொடங்கும், அதற்கடுத்தது புதனில், இப்படியே வழுக்கிக்கொண்டே போகும். தீபாவளி என்ன கிழமை என்று யாராவது பேச்செடுத்தால், அன்றைக்கு எனக்கு வேலையா லீவா என்பதுதான் என் கேள்வி. கம்பெனி பஸ் வந்தால் வேலை நாள், வராவிட்டால் லீவு நாள், அவ்வளவுதான் என் பஞ்சாங்கம்.

2022-இல் அறுபது முடிந்தது. (தனியார் கம்பெனியிலும் 60 வரை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் நடப்புக்கு வந்தது 2013 ஜூலையில், அதற்கு முன்னால் பெரும்பாலும் 55-இலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள்.) கேக் வெட்டி, போட்டோ பிடித்து, ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். இனிமேல் எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டாதவளுக்குக் கடிகாரம் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ஜார்ஜ்டவுனில் கோட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற மணிக்கூண்டும் இதே கதைதான். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதற்காக 1897-இல், வருஷத்துக்கு ஓர் அடி என்று 60 அடிக்குக் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டி முடித்தது 1902-இல், ராணி போய்ச் சேர்ந்தது 1901-இல். என் கடிகாரம் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு நம் ஆட்கள் இரண்டு மாதிரிப் பேசுவார்கள். காலையில் கேட்டால் பொழுதே போகவில்லை என்பார்கள், மாதக் கடைசியில் கேட்டால் பொழுது போனதே தெரியவில்லை என்பார்கள். இரண்டையும் சொல்வது ஒரே ஆள்தான். நாளுக்கு நாள் எந்த வித்தியாசமும் இல்லாமல் வழவழவென்று இருந்தால் பிடித்து நிற்க இடம் இருக்காது, அதனால்தான் நிற்கும்போது நீளமாகவும் திரும்பிப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லாமலும் தெரிகிறது. அந்த வழவழப்பில் பிடிமானம் தேடுவது எப்படி என்பதுதான் இங்கே நான் சொல்லப்போவது.

முதலில், அட்டவணை போடாதீர்கள்

என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், எனக்கு இரண்டு வருஷம் முந்தி ஓய்வு பெற்றார். முதல் வாரமே ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, 6.30 நடை, 7.30 பசியாறல், 8.00 பேப்பர், 9.00 தோட்டம் (எங்களுக்கு எட்டாவது மாடி, தோட்டம் என்பது நடைபாதையில் இருக்கிற மூன்று பூச்சட்டி) என்று எழுதி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினார். பதினோரு நாள் நடந்தது. பன்னிரண்டாம் நாள் மழை, நடை போகவில்லை, நடை போகாததால் மற்றதெல்லாம் சரிந்து, மத்தியானம் இரண்டு மணிக்குக் கைலியோடு சோபாவில் குற்றம் செய்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆயுசு முழுக்க மற்றவர் போட்ட ஷிஃப்ட்டில் ஓடிவிட்டு, விட்டதும் நமக்கு நாமே சூப்பர்வைசராக நின்று ஷிஃப்ட் போட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

அட்டவணை பிடிக்கும், அது இல்லாமல் இருக்க முடியாது என்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும். நான் சொல்வது மற்றவர்களுக்கு.

இரண்டு வாரம், ஒரு 555

வேண்டியது ஒரே ஒரு சாமான், 555 புக்கு. மலேசியாவில் இதற்கு விளக்கம் தேவையில்லை, சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்ன நோட்டு, மளிகைக் கடையில் நம் அப்பாக்கள் கடன் எழுதி வைத்தது. கைத்தொலைபேசியில் குறிக்கலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள், வேண்டாம். நேரம் குறிக்க எடுத்தால் வாட்ஸ்அப்பில் போய் நிற்போம், அப்புறம் அரை மணி நேரம் காணாமல் போயிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். எப்போது எழுவீர்களோ எழுங்கள், எப்போது தூங்குவீர்களோ தூங்குங்கள். செய்ய வேண்டியது, காதில் விழுவதையும் கண்ணில் படுவதையும் மூக்குக்கு எட்டுவதையும் எழுதுவதுதான். மனசில் என்ன தோன்றியது என்றெல்லாம் எழுத வேண்டாம், அது டைரி ஆகிவிடும், டைரி நாலாம் நாள் நின்றுவிடும். என் முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: “குயில். இருட்டு. பாங்கு. ஸ்கூல் வேன் லைட்டோடு. ரொட்டி பாய் ஹார்ன். மேல் வீட்டு நாற்காலி இழுக்கும் சத்தம். மீன் பொரிக்கும் வாசனை, யார் வீடு?” மணி போட வேண்டும் என்பதில்லை. எதற்குப் பின்னால் எது வருகிறது என்ற வரிசை போதும்.

எங்கே உட்கார்ந்து கவனிப்பது என்பது முக்கியம். ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்தால் டிவியின் நேரம்தான் கிடைக்கும். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு முன்வாசல் நடைபாதைதான் சரியான இடம், நாலு மாடிச் சத்தமும் அங்கே ஏறி வரும். தரைவீடு என்றால் சமையலறை ஜன்னல். ரேடியோ இருக்கலாம், நான் மின்னல் எஃப்எம் வைத்தேதான் வேலை செய்வேன், ஆனால் காலை ஒரு மணி நேரமும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் அதையும் அணைத்துவிடுங்கள்.

முதல் மூன்று நாள் சலிப்பாக இருக்கும். ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். ஐந்தாம் நாள் பக்கம் நிறைந்துவிடும்.

சூரியன் சொல்வது, ஆள் சொல்வது

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டி, எது எதனால் வருகிறது என்று பாருங்கள். இரண்டு சாதி இருக்கும். ஒன்று வானத்தைப் பார்த்து வருவது, இன்னொன்று கடிகாரத்தைப் பார்த்து வருவது.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் கடிகாரத்தின் கதை தெரிய வேண்டும். 1981 டிசம்பர் 31 இரவு நான் இரவு ஷிஃப்ட்டில் இருந்தேன். இரவு 11.30 ஆனபோது சூப்பர்வைசர் வந்து சுவர்க் கடிகாரத்தின் முள்ளை 12-க்குத் தள்ளி வைத்தார், புத்தாண்டு பிறந்துவிட்டது என்று கைதட்டினோம். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று தீபகற்பம் முழுவதும் அரை மணி முன்னே நகர்ந்த இரவு அது. எங்களுக்கு அன்றைக்கு ஏழரை மணி நேரம்தான் வேலை. பக்கத்து மிஷினில் இருந்த தோழி, தினமும் ஒரு தடவை இப்படித் தள்ளிவைக்கக் கூடாதா என்று கேட்டது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த அரை மணி நேரத்தின் விளைவுதான் பினாங்கில் ஏழு மணி தாண்டியும் இருட்டாக இருப்பது. பிள்ளைகள் வேனில் ஏறும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். வருஷம் முழுவதும் சூரியன் எழுவது காலை ஏறக்குறைய 7-க்கும் 7.35-க்கும் நடுவில்தான், நவம்பரில் சீக்கிரம், ஜனவரிக் கடைசியில் தாமதம். உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஒன்றேகால் வாக்கில்தான் வருகிறது. பன்னிரண்டு மணி வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று நாம் சொல்வதெல்லாம் வேறு ஊரில் கற்ற பேச்சு.

ராகு காலமும் அப்படியே. திங்கள் 7.30 முதல் 9 வரை என்று நாம் மனப்பாடமாக வைத்திருப்பது, காலை ஆறு மணிக்குச் சூரியன் எழுகிறது என்று வைத்துப் பகலை எட்டாகப் பிரித்த கணக்கு. இங்கே ஏழேகாலுக்கு எழுந்தால் அது எட்டே முக்காலிலிருந்து பத்தேகால் வரை தள்ளிப்போக வேண்டும். இதை என் மாமியாரிடம் விளக்கப் போய் ஒரு பொங்கல் முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லாமல் போனது, நீங்கள் உங்கள் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

இப்போது உங்கள் நோட்டில் இருக்கிற பாங்கைப் பாருங்கள். எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் சூராவ், அதாவது சின்னப் பள்ளிவாசல், இருக்கிறது. மத்தியானப் பாங்கு நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணி தாண்டியதும் கேட்கும், பிப்ரவரியில் ஒன்றரைக்கு மேல் ஆகிவிடும். கடிகாரம் அசையாது, பாங்கு மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அது சூரியனோடு போகிறது. நாற்பது வருஷமாக இதே ஊரில் இருந்தும் எனக்கு இது தெரியாது. பாங்கு ஒரே நேரத்துக்கு வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். மூன்று மாதம் நோட்டில் எழுதிய பிறகுதான் நான் சோறு வடிக்கும் நேரத்துக்கும் அதற்கும் இடைவெளி மாறுவது தெரிந்தது.

வெயிலையும் பிடிக்கலாம். எங்கள் ஹால் கிழக்குப் பார்த்தது. ஜூன் மாதம் காலை வெயில் வடகிழக்கிலிருந்து வந்து தெற்குச் சுவர்ப் பக்கம் விழும், டிசம்பரில் சாமி மாடம் இருக்கிற வடக்குப் பக்கம் விழும். கம்பெனியில் பழகிய கை சும்மா இருக்குமா, மாஸ்கிங் டேப்பைக் கிழித்து வெயில் விளிம்பில் ஒட்டித் தேதி எழுதினேன். மாதம் ஒன்று. தரை முழுக்க டேப்பாக இருக்கிறதே என்று முகம் சுளித்த வீட்டுக்காரர்தான் இப்போது முதல் தேதி ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு குனிகிறார். இன்னொன்று, பினாங்கு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷத்தில் இரண்டு தடவை சூரியன் நேர் உச்சந்தலைக்கு வருகிறது, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு தடவை, செப்டம்பர் முதல் பத்து நாளில் ஒரு தடவை. அந்த நாட்களில் ஒன்றேகால், ஒன்று இருபது வாக்கில் கீழே போய்க் கொடிக்கம்பத்தைப் பாருங்கள், நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். பேரப் பிள்ளைகள் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டு நிமிஷம் போதும், அதற்கு மேல் அந்த வெயிலில் நிற்க முடியாது.

ஆள் சார்ந்த சத்தங்கள் வேறு மாதிரி. ரொட்டி பாய் மோட்டாரில் வருகிறார், பின்னால் கம்பிக் கூண்டில் பெங்காலி ரொட்டி, காயா, முறுக்குப் பொட்டலம், எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும், பொம் பொம் என்று ரப்பர் ஹார்ன். ஸ்கூல் வேன், குப்பை லோரி, கம்பெனி பஸ் (இன்னும் வருகிறது, என்னை ஏற்றாமல் போகிறது), பேப்பர் லாமா லோரி. இதில் எதை நம்பலாம் எதை நம்பக் கூடாது என்பது நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். பேப்பர் லாமாவை நம்பவே கூடாது, பழைய பேப்பர் வாங்குகிற அந்த ஒலிபெருக்கிக் குரல் நாம் தூங்கும் நேரம் பார்த்துத்தான் வரும், நாம் பேப்பர் கட்டி வைத்திருக்கிற வாரம் வரவே வராது. ரொட்டி பாய் ஐந்து நிமிஷம் முன்னே பின்னே தவிரத் தப்பவே மாட்டார்.

கிழமையைக் கண்டுபிடிப்பது

இதுதான் எனக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது, எட்டு நாள் வாரத்தில் வாழ்ந்தவளுக்கு ஏழு நாள் வாரம் புதுசு. நாள்காட்டியைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். நாள்காட்டி கிழமையின் பெயரைச் சொல்லும். கிழமை எப்படி இருக்கும் என்று சொல்லாது.

எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை. நாலு மணிக்கே கம்பி ஊன்றும் சத்தம் கேட்கும், ஆறு மணிக்கு ஆப்பம் பாலிக்கும் சாத்தேவும் சேர்ந்து ஒரு வாசனை எட்டாவது மாடி வரை வரும். வேறு பக்கம் வேறு கிழமை, உங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் வாரத்துக்கு ஆணி. புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல், அன்றைக்கெல்லாம் கீழே நம்பர் கடையில் சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு சின்னக் கூட்டம் சேரும். நான் எடுப்பதில்லை. எங்கள் மாடி அங்கிள் ஒருவர் எடுப்பார், அவர் எப்போது சட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்குகிறாரோ அன்றைக்கு இந்த மூன்றில் ஒன்று. முகத்தைப் பார்த்தால் மறுநாளும் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு அடையாளம் நிறைய இருக்கிறது, மீன் வாசனை நம் வீடுகளில் இருக்காது, மத்தியானம் சூராவ் பக்கம் மோட்டார்கள் வரிசை கட்டி நிற்கும். அதோடு என் தங்கச்சி போன் பண்ணுவாள். அவள் இருப்பது சுங்கை பட்டாணியில், கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் வாரமே வேறு. வெள்ளி காலை பத்து மணிக்கு அவள் சாவகாசமாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு வெள்ளி. ஞாயிறு காலை ‘பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்க்கா’ என்று மூச்சிரைக்கப் பேசினால் எனக்கு ஞாயிறு.

திங்களுக்கும் வியாழனுக்கும் எனக்கு இன்னும் சரியான அடையாளம் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஏழு நாளுக்கும் பெயர்ப் பலகை மாட்ட வேண்டும் என்பதில்லை.

மாதத்துக்கு நிலாவைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது சுலபம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி சீன மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வாசலில் ஆரஞ்சுப் பழம் வைத்து ஊதுபத்தி ஏற்றுவார். நான் அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பேன், பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போவேன். இரண்டு பேரும் ஒரே நிலாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது இருபது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சாப் கோ மே என்கிறார்களே, அது சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவு, அதாவது பௌர்ணமியை ஒட்டி. சில மாதம் ஒரு நாள் முன்னே பின்னே வரும், அப்போது ஆண்ட்டி என் காக்கைச் சோற்றைப் பார்த்துவிட்டு நீ சீக்கிரம் வந்துவிட்டாய் என்பார், அந்த வியாழக்கிழமையை அவர் இன்னும் மறக்கவில்லை.

வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தைப்பூசத்துக்கு ரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படுவதும், பாலேக் பூலாவ் டுரியான் லோரியில் வந்து இறங்குவதும் எந்த மறதிக்காரனையும் எழுப்பிவிடும். நோன்பு மாதம் மட்டும் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்றைப் பிடித்துக்கொள்வது

கவனிப்பது மட்டும் போதாதா என்றால், பாதி ஆட்களுக்குப் போதும். மீதிப் பேருக்கு, ஏதோ ஒன்றில் தானும் சேர்ந்துகொண்டால்தான் நாள் கையில் நிற்கும். அப்படியென்றால் நோட்டில் இருப்பதில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கூட வேண்டாம். தப்பாமல் வருவதாக இருக்க வேண்டும், அதில் ஒரு மனித முகம் இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் ஒரு நாள் விட்டுவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். நான் ரொட்டி பாயைத் தேர்ந்தெடுத்தேன். முன்னெல்லாம் ஒரே தடவையாகச் சூப்பர்மார்க்கெட்டில் மூன்று பாக்கெட் வாங்கி ஐஸ்பெட்டியில் போட்டுவிடுவேன். இப்போது ஹார்ன் கேட்டதும் இறங்கி, நாளைக்கு ஒரே ஒரு ரொட்டி. விலை இருபது முப்பது சென் கூடத்தான். அதற்கு எட்டு மாடி இறங்கி ஏறுகிறேன் (லிஃப்ட்டில்தான்), நாலு பேரைப் பார்க்கிறேன், ‘பசியாறியாச்சா’ என்று நாலு தடவை கேட்டு நாலு தடவை பதில் சொல்கிறேன்.

மாத்திரையை மட்டும் இப்படிப்பட்ட சத்தங்களோடு கட்டாதீர்கள். என் தோழி ஒருத்தி மாலைப் பாங்கு கேட்டதும் சர்க்கரை மாத்திரை என்று வைத்திருந்தாள், ஒரு நாள் இடிமழையில் பாங்கு காதில் விழவில்லை, போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு தடவை போட்டுக்கொண்டு மயங்கி விழப் பார்த்தாள். மருந்துக்குக் கிழமை போட்ட டப்பாவும் சாப்பாட்டுத் தட்டும்தான் சரி.

வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? ஃபெரி. 2023-இல் புதுப் படகு நாலு விட்டார்கள், கார் ஏறாது, ஆளும் மோட்டாரும் மட்டும். வாரத்தில் ஒரு நாள் பட்டர்வொர்த் போய், தான் வேலை செய்த கிரேன் அசைகிறதா என்று தண்ணீரில் இருந்தபடியே பார்த்துவிட்டு, அங்கே ஒரு தேத்தாரேக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். என்ன கிழமை போகிறார் என்று எனக்கே தெரியாது. புதன் என்கிறார், சில சமயம் வியாழன் போல இருக்கிறது.

வராத நாள்

கவனிக்கப் பழகிவிட்டால் இல்லாததும் காதில் விழ ஆரம்பிக்கும். மேல் வீட்டில் தினமும் நாலு மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தம் என்று எழுதினேனே, அது ஒரு திங்களிலிருந்து இல்லை. முதல் நாள் கவனிக்கவில்லை, இரண்டாம் நாள் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது, மூன்றாம் நாள் நோட்டைப் பார்த்துத்தான் என்ன என்று தெரிந்தது. மேலே போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. எதிர்வீட்டில் கேட்டால், அந்த அங்கிள் ஈப்போவில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். சரி, நல்லது. ஆனால் வேறு மாதிரியும் இருந்திருக்கலாம், குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்திருக்கலாம். தனியாக இருக்கிற வயதானவர் வீட்டுச் சத்தம் ஒரு நாள் இல்லையென்றால் விடலாம், இரண்டாம் நாளும் இல்லையென்றால் போய்த் தட்டுங்கள், என்னைப் போல மூன்றாம் நாள் வரை இருக்காதீர்கள். வம்புக்காரி என்று பெயர் வரும். வரட்டும்.

மகள் வீட்டுக்குப் போனால்

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் ஓய்வு பெற்றவர்கள் பாதி நாள் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறோம். போன வருஷம் கோலாலம்பூரில் செராஸில் மகள் வீட்டில் ஐந்து வாரம் இருந்தேன். கொண்டோ, 22-ஆவது மாடி. அங்கே ஒரு சத்தமும் ஏறாது. ரொட்டி பாய் காவலாளிகள் இருக்கிற கார்டு வீட்டைத் தாண்டி வர முடியாது, பேப்பர் லாமாவும் வராது, குயில் எங்கேயோ கால்மாட்டில் கூவுகிற மாதிரி இருக்கும். கீழே எம்ஆர்டி ரயில் போவது தெரியும், ஆனால் அது சில நிமிஷத்துக்கு ஒன்று போகிறது, ஓட்டுவதற்கு ஆளும் இல்லை, அடிக்கடி வருவது கடிகாரத்துக்கு உதவாது. முதல் வாரம் பழையபடி வழவழவென்று போய்விட்டது.

அப்படிப்பட்ட இடத்தில் சத்தத்தைத் தேடாதீர்கள், ஆள் மாறுவதைத் தேடுங்கள். கார்டு வீட்டில் இருந்த நேப்பாளித் தம்பிகளுக்குக் காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் ஷிஃப்ட் மாறும், என் பழைய ஷிஃப்ட்டேதான். மாறுகிற ஐந்து நிமிஷத்தில் ஒருவர் நோட்டை மற்றவரிடம் கொடுத்து ஏதோ சொல்வார், அந்தக் கைமாற்றலை எந்தக் கம்பெனியில் வைத்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். அப்புறம் குப்பை அறை, லிஃப்ட்டில் காலை ஏழரைக்கு அடிக்கிற சென்ட் வாசனை, நீச்சல் குளத்தைத் துடைக்க வருகிற அம்மா. காலை ஏழு மணிக்குக் கீழே போய் நிற்க ஆரம்பித்தேன், அம்மா ஏன் கார்டுகளோடு பேசிக்கொண்டு நிற்கிறார் என்று மருமகனுக்குக் குழப்பம். மருமகனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பினாங்குக்குத் திரும்பியது ஒரு சனிக்கிழமை, இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய நாலு மணி நேரம், அப்புறம் ஃபெரி. மறுநாள் காலை ஹார்ன் கேட்டதும் இறங்கினேன்.

“என்னக்கா, அஞ்சு வாரமா ஆளையே காணோம்? முதல் ரெண்டு நாளு உங்க ரொட்டிய எடுத்து வெச்சு, திருப்பிக் கொண்டு போனேன்.”

சொல்லிவிட்டுப் போகாதது என் தப்புதான். அந்த இரண்டு ரொட்டிக்கும் சேர்த்துக் காசு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கணக்கு இருக்கு என்று சட்டைப் பையிலிருந்து அவருடைய 555-ஐ எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். என் வீட்டு நம்பருக்குக் கீழே இரண்டு நாளைக்கு 1, அப்புறம் பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கோடு, ஒரு நாளைக்கு ஒன்று. இதெல்லாமும் கடனா என்று கேட்டேன். “இல்லக்கா, இது நீங்க எறங்காத நாளு” என்றார். இரண்டு ரொட்டிக்கும் அன்றைய ஒன்றுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டு, தேதிக்கு நேரே 1 போட்டு, ஹார்னை அமுக்கிக்கொண்டு அடுத்த பிளாக்குக்குப் போனார்.